காரின் மூக்கில் தொங்கும் வயர்

பரீட்சை, வேலை, சோம்பல் மூன்றும் சேர்ந்து கன நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பங்குச்சந்தை பற்றி எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். இன்றைக்கு ஒரு வயரைப் பற்றி.

போன குளிர்காலத்தில் ஸ்காபரோவிலிருந்து நண்பன் ஒருவன் என்னைப் பார்க்க வந்திருந்தான். வின்னிபெக்கில் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "என்னடா, இங்க எல்லாரும் மின்சாரக் காரோ வச்சிருக்கினம்? எல்லாக் காருக்கும் முன்னால பிளக் தொங்குது!"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வருடம் வந்தபோது நானும் அப்படித்தான் முழித்தேன். இங்கே பழைய லொறி, புதுக் கார் என்ற வித்தியாசமில்லாமல் முன்பக்கக் கிறிலுக்குள் இருந்து ஒரு மூன்று முள் பிளக் எட்டிப் பார்க்கும். கார் தரிப்பிடங்களில் வரிசையாகக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் மின்சாரப் பொயின்ற். இரவில் கார்களைக் கட்டைக்குக் கட்டிய மாடுகள் போல வயரால் கட்டி வைத்திருப்பார்கள். அந்த வயரின் மற்ற முனையில் இருப்பதுதான் எஞ்சின் ஹீற்றர். பெற்றோலில் ஓடும் காருக்குக் காலையில் உயிர் கொடுக்கும் சாமான்.

எங்கள் காருக்கு அது இருக்கவில்லை. காரணம் இது ரொறன்ரோக் கார். அங்கே வாங்கி, அப்பாவும் நானும் கிட்டத்தட்ட 2,200 கிலோமீற்றர் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தது. அப்பாவின் வேலை இன்னும் அங்கேதான். அம்மாவுக்கு இங்கே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்தது, எனக்கு வணிகவியல் படிக்க இடம் கிடைத்தது, ஆகவே நாங்கள் இரண்டு பேரும் இங்கே. திரும்பிப் போகும்போது அப்பா திறப்பைக் கையில் தந்து சொன்னது ஒன்றே ஒன்று: "இனி கார் உன்ர பொறுப்பு."

ஒக்ரோபர் மாதம் பக்கத்து வீதியில் இருக்கும் மாமா ஒருவர் (சொந்த மாமா இல்லை, ஊரில் லொறி திருத்தியவர், இங்கே எல்லாத் தமிழ் வீட்டுக்கும் மாமா) காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ரொறன்ரோக் காரே?"

"ஓம் மாமா."

"அப்ப வயர் இராது. பனி கொட்ட முதல் ஹீற்றர் ஒண்டு பூட்டிப்போடு. பிறகு கஷ்டப்படுவாய்."

"ஓம் மாமா, பாக்கிறன்" என்றேன். நான் பார்த்த விதம்தான் இந்தப் பதிவு.

குளிரில் எஞ்சினுக்கு என்ன நடக்கிறது?

வின்னிபெக் குளிர் எப்படியென்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2013 டிசம்பர் 31 அன்று இந்த நகரம் செவ்வாய்க் கிரகத்தைவிடக் குளிராக இருக்கிறது என்று செய்தி வந்தது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் அளந்த அன்றைய அதிகபட்ச வெப்பநிலை மைனஸ் 29. அப்படியான நாட்கள் சில குளிர்காலங்களில் வரும்.

அந்தக் குளிரில் மூன்று விஷயம் ஒரே நேரத்தில் பிழைக்கிறது.

ஒன்று, ஒயில். குளிரக் குளிரத் தடிக்கும். தேன் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த மாதிரி. எஞ்சினைச் சுற்றவே பெரிய பலம் தேவை. ஒயில் போத்தலில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்குமே, அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 0டபிள்யூ ஒயிலை மைனஸ் 35 பாகையிலும், 5டபிள்யூவை மைனஸ் 30இலும், 10டபிள்யூவை மைனஸ் 25இலும் வைத்து, எஞ்சின் சுற்றுமளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

இரண்டு, பற்றரி. அதற்குள் நடப்பது இரசாயன மாற்றம், குளிரில் அது மெதுவாகும். மைனஸ் 18 அளவிலேயே பற்றரியின் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எஞ்சின் கூடுதல் பலம் கேட்கிற அதே காலையில் பற்றரி குறைவாகக் கொடுக்கிறது. (கேள்வி கூடி, நிரம்பல் குறைந்தால் என்ன நடக்குமென்று முதலாம் வருட மாணவர்களைக் கேளுங்கள்.)

மூன்று, பெற்றோல். அது ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பற்றும். குளிர்ந்த உலோகத்தில் ஆவியாகாமல் ஒட்டிக்கொள்ளும். டீசல் எஞ்சின் இன்னும் மோசம். அதற்குத் தீப்பொறியே கிடையாது, காற்றை அமுக்கி வரும் சூட்டில்தான் எரிபொருள் பற்றவேண்டும்.

இடையில் ஒரு விஷயம். வானொலியில் "காற்றோடு சேர்த்து மைனஸ் 45" என்பார்களே, அது நமது தோலுக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் எஞ்சின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது, அந்த நிலைக்குச் சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான். ஆகவே ஹீற்றர் கணக்கைப் போடும்போது தெர்மொமீற்றர் காட்டும் எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

அந்தக் காலத்தில் வடக்குக் கனடாவில் சின்ன விமானம் ஓட்டியவர்கள், இரவில் எஞ்சின் ஒயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து எடுத்து, காலையில் அடுப்பில் சூடாக்கித் திரும்ப ஊற்றிப் பறந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊர், எங்களுக்குத் தெற்கே எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே அண்ட்ரூ ஃபிரீமன் என்ற மின்பொறியியலாளர், செப்புக் குழாய்த் துண்டுகளையும் பழைய ஸ்திரிப்பெட்டி ஒன்றின் சூடாக்கும் கம்பியையும் வைத்துத் தன் காருக்கு ஒரு ஹீற்றர் செய்தார். 1949இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இந்தச் சமவெளியில் குளிர்காலமும் கார் ஓட்டும் பழக்கம் பரவியதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

வணிகவியல் படிக்கிறவன் என்ன செய்வான்? எக்செல் திறந்தேன். தேடிப் பிடித்த வகைகள் இவை:

1. பிளொக் ஹீற்றர். எஞ்சின் உடம்பை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை எடுக்கப் பக்கத்தில் ஓட்டைகள் விடுவார்கள். பிறகு அவற்றை உலோக மூடியால் அடைப்பார்கள். அதன் பெயர் ஃப்ரீஸ் பிளக். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹீற்றரைப் பூட்டினால் அது கூலன்றுக்குள் மூழ்கி நின்று சூடாக்கும். கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 வாட்ஸ். சில எஞ்சின்களில் கூலன்றைத் தொடாமல், அதற்கென்றே விட்ட துளைக்குள் சொருகுகிற உலர் வகை இருக்கும்.

2. குழாய் ஹீற்றர். ரேடியேற்றரின் கீழ்க் குழாயை வெட்டி நடுவில் பூட்டுவது. ஃப்ரீஸ் பிளக் எட்டாத இடத்தில் இருந்தால் இது உதவும்.

3. ஒயில் தட்டு ஹீற்றர். எஞ்சினுக்கு அடியில் ஒட்டுகிற சிலிக்கன் பட்டி, அல்லது காந்தத்தால் பிடிக்கிற பெட்டி. காந்தம் இரும்புத் தட்டில்தான் பிடிக்கும், அலுமினியத் தட்டில் பிடிக்காது. வாங்க முதல் இதைப் பாருங்கள்.

4. ஒயில் குச்சி ஹீற்றர். ஒயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துவிட்டு அந்தக் குழாய்க்குள் விடுகிற சூடாக்கும் கம்பி. கிட்டத்தட்ட 90 வாட்ஸ்.

5. பற்றரிப் போர்வை. பற்றரியைச் சுற்றிக் கட்டுவது. எஞ்சினைச் சூடாக்காது, துணைக்கு நல்லது.

6. எரிபொருளில் வேலை செய்பவை. காரின் பெற்றோலையோ டீசலையோ கொஞ்சம் எரித்துக் கூலன்றைச் சூடாக்கும். பிளக் தேவையில்லை. ஜெர்மனியின் வெபாஸ்ரோ மாதிரி நிறுவனங்கள் செய்கின்றன. விலையைப் பார்த்ததும் அந்த வரியை அழித்துவிட்டேன் :-)

எக்செலில் விலை என்று ஒரு நிரல், பூட்டுக்கூலி என்று ஒரு நிரல். கராஜ் ஒன்றில் விசாரித்தேன். பிளொக் ஹீற்றர், கூலி, புதுக் கூலன்ற் எல்லாம் சேர்த்து 300 டொலருக்கு மேலே. ஒயில் குச்சி ஹீற்றர் 30 டொலர், பூட்டுக்கூலி சைபர். நானே சொருகலாம். மிகக் குறைந்த எண்ணில் மஞ்சள் நிறம் அடித்து மூடிவைத்தேன். அம்மாவிடம் "270 டொலர் மிச்சம் பிடிச்சிட்டன்" என்று பெருமையும் பேசினேன். அதே உற்சாகத்தில், கழிவு விலையில் கிடைத்ததென்று 10டபிள்யூ-30 ஒயிலையும் வாங்கி மாற்றிவிட்டேன். காருக்கு 0டபிள்யூ-20 விடச் சொல்லிக் கையேட்டில் இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

நவம்பர், டிசம்பர் மாதங்களில் அது வேலை செய்தது. மைனஸ் 15, மைனஸ் 20இல் கொஞ்சம் முனகிவிட்டு ஸ்ராட் வரும். நான் கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலை

ஜனவரி, திங்கட்கிழமை. அம்மாவின் வேலை 6.45க்குத் தொடங்கும். நான் 5.50க்குக் கீழே போனேன். வெளியே மைனஸ் 34. மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தும் குளிர். இரவு முழுக்கப் பிளக் போட்டிருந்தபடியால் பயமில்லாமல் திறப்பைத் திருகினேன்.

எஞ்சின் ஒரு தரம் "ம்ம்ம்" என்று சுற்றியது. இன்னொரு தரம் அரைச் சுற்று. பிறகு டிக் டிக் டிக். பிறகு அதுவும் இல்லை.

அம்மா வேலை உடுப்போடு வந்து பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தா. நான் திருப்பித் திருப்பித் திருகினேன். மாமாவுக்கு எடுத்தேன், அவர் இரவு வேலைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும்.

"சரி அப்பன், நீ உள்ள போ. நான் பஸ்ஸில போறன்."

"அம்மா, டாக்சிக்கு எடுக்கிறன்."

எடுத்தேன். அப்படியான காலையில் வேறு யாருக்குத்தான் கார் ஸ்ராட் வந்திருக்கும்? முக்கால் மணித்தியாலம் செல்லும் என்றார்கள். அம்மா அதற்குள் இறங்கி நடந்துவிட்டா. அவ அந்த இல்லத்தில் சேர்ந்து நாலு மாதம்தான், நிரந்தரம் ஆகவில்லை. அவ போனால்தான் இரவு நின்ற பிள்ளை வீட்டுக்குப் போகலாம்.

பஸ் பிந்தியது. காற்றோடு மைனஸ் 45 என்றால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையலாம் என்பது இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா தொப்பி போட்டிருந்தாதான். ஆனால் பஸ் வருகிறதா என்று பார்க்கத் திரும்பித் திரும்பித் தொப்பி மேலேறி, இடது காது மடல் வெளியே இருந்திருக்கிறது. வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது வெள்ளைப்பட்டு மரத்துப்போயிருந்தது. அங்கிருந்த தாதிதான் பார்த்து, தேய்க்கவிடாமல், வெறும் கையால் பொத்திப் பிடித்து மெதுவாகச் சூடாக்கியிருக்கிறா. பெரிய காயமில்லை. ஆனால் தோல் உரிந்து, ஆற இரண்டு கிழமை எடுத்தது. 40 நிமிடம் பிந்தியதற்கு மேற்பார்வையாளர் ஒரு பேப்பரில் கையெழுத்தும் வாங்கினார்.

இதெல்லாம் எனக்கு அன்று மாலை தெரியாது. அம்மா சொல்லவில்லை. இரவு தலை இழுக்கும்போது சீப்பு காதில் பட்டு "ஸ்ஸ்" என்றபோதுதான் கேட்டேன். அப்போதும் என்னைப் பேசவில்லை. "குளிர்தானே, எல்லாருக்கும் வாறதுதான்" என்றுவிட்டுச் சோறு போடப் போய்விட்டா. பேசியிருந்தால் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

எங்கே பிழைத்தது?

அடுத்தநாள் மாமா வந்து, தன் காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்ராட் எடுத்துத் தந்தார். ஒயில் குச்சி ஹீற்றரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பழைய 100 வாட்ஸ் பல்ப் மாதிரித்தான் தம்பி. வெளியில மைனஸ் 34இல நூறு கிலோ இரும்பை ஒரு பல்பால சூடாக்கலாமோ?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். 90 வாட்ஸ் கொடுக்கும் சூடு ஒயிலைக் கொஞ்சம் இளக்கும். அதே நேரம் அடித்தட்டு வழியாக வெளிக்குளிர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிலிண்டர்கள், மேலே உள்ள உலோகம் எல்லாம் அப்படியே உறைந்துதான் இருக்கும். கூலன்றைச் சூடாக்கினால், சூடான கூலன்ற் மேலே எழும்பிச் சிலிண்டர்களைச் சுற்றி மெதுவாக ஓடும். சூடு போகவேண்டிய இடத்துக்குத் தானே போகும். குச்சி ஹீற்றர் கூடாத சாமான் இல்லை, மைனஸ் 15 ஊருக்கு அது போதும். மைனஸ் 34 ஊருக்கு நான் வாங்கியதுதான் பிழை. அதோடு 10டபிள்யூ ஒயில். அதோடு ஐந்து வருடப் பற்றரி. மூன்று விஷயம் பிழைக்கும் என்று மேலே எழுதினேனே, அதில் இரண்டை நானே கூட்டிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் தரம்: பூட்டுதல்

இந்த முறை தெரிவு செய்த விதம் வேறு. முதலில் எஞ்சின் இலக்கம். ஒரே பெயருள்ள காரிலேயே வருடத்துக்கு வருடம் எஞ்சின் மாறும், அதற்கேற்ற ஹீற்றரும் மாறும். உதிரிப்பாகக் கடையில் வருடம், மொடல், எஞ்சின் அளவு மூன்றையும் கொடுத்து, ஃப்ரீஸ் பிளக் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் 400 வாட்ஸ் பிளொக் ஹீற்றர் வாங்கினேன். ஹீற்றர், கூலன்ற், 0டபிள்யூ-20 ஒயில் எல்லாம் சேர்த்து 160 டொலரளவில் முடிந்தது. பற்றரி தனி. பூட்டுக்கூலி மாமாவுக்கு அம்மா செய்த ஒடியற்கூழ்.

சனிக்கிழமை மாமாவின் சூடான கராஜுக்குள் செய்தோம். படிப்படியாக:

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கவேண்டும். சூடாக இருக்கும்போது கூலன்றைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். கூலன்றைத் தட்டில் வடித்தோம். இது இனிப்பாக இருக்கும், நஞ்சு. நாய், பூனை நக்க விடவேண்டாம்.

ஃப்ரீஸ் பிளக்கின் ஒரு விளிம்பில் மட்டும் தட்ட, அது கிண்ணம் கவிழ்வது போலத் திரும்பி நின்றது. குறட்டால் பிடித்து இழுத்தோம். உள்ளே விழுத்தக்கூடாது, விழுந்தால் அது வேறு கதை.

ஓட்டையின் விளிம்பைத் துரு போகத் துடைக்கவேண்டும். இந்த வேலை என்னுடையது. பார்வைக்குச் சுத்தம் என்றதும் விட்டுவிட்டேன்.

ஹீற்றரின் ரப்பர் வளையத்தில் கூலன்ற் தடவி, கம்பி உள்ளே எந்தச் சுவரிலும் முட்டாமல் கடதாசியில் காட்டிய திசைக்குத் திருப்பிச் சொருகி, திருகாணியை இறுக்கினோம்.

புதுக் கூலன்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. அந்தக் கலவை கிட்டத்தட்ட மைனஸ் 37 வரை உறையாது. ஊற்றிவிட்டு, கராஜ் கதவைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினோம். (மூடிய கராஜுக்குள் கார் ஓடவிடவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.)

பத்து நிமிடத்தில் கீழே ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. மாமா என்னைப் பார்த்தார். நான் ஓட்டையைப் பார்த்தேன். விளிம்பின் அடிப்பக்கத்தில் கைக்கு மட்டும் தெரிகிற ஒரு துருத் துண்டை விட்டிருக்கிறேன். எஞ்சின் ஆறும்வரை இரண்டு மணித்தியாலம் இருந்து, எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப முதலிலிருந்து. மாமா சொன்னது இவ்வளவுதான்: "கண்ணால பாக்காத, விரலால பார்." இரண்டாம் தரம் சொட்டு இல்லை.

வயரை வெளியேற்றுக் குழாய், விசிறி, பெல்ற் மூன்றுக்கும் எட்டத்தில் கொண்டுவந்து, பிளாஸ்ரிக் கட்டுகளால் கட்டிக் கிறிலுக்கு வெளியே விட்டோம். எங்கள் காருக்கும் மூக்கில் வயர் வந்தது!

முக்கியமான விஷயம்: கூலன்ற் நிரப்ப முதல் ஹீற்றரைப் பிளக் போட்டுச் சோதிக்கவே கூடாது. திரவம் இல்லாமல் எரிந்தால் கம்பி கருகிவிடும். சோதிக்க மாமா ஓம் மீற்றரைத்தான் பாவித்தார். 120 வோல்ற், 400 வாட்ஸ் என்றால் தடை 36 ஓம் வரவேண்டும் (120ஐ 120ஆல் பெருக்கி 400ஆல் வகுங்கள்). எங்களுக்குக் கிட்டத்தட்ட அதே எண் வந்தது. உங்கள் காரில் ஏற்கனவே வயர் தொங்கினாலும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வயர் தொங்குவதால் ஹீற்றர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சில எஞ்சின்களில் ஃப்ரீஸ் பிளக் பெரிய பாகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அப்படியென்றால் கராஜுக்குக் கொடுப்பதே புத்தி. மாமா இல்லையென்றால் நானும் கொடுத்திருப்பேன்.

பிளக் போடும் கணக்கு

நீட்டிப்பு வயர் வெளிப்பாவனைக்குரியதாக, தடிப்பானதாக, குளிரிலும் வளையக்கூடியதாக இருக்கவேண்டும். வீட்டுக்குள் பாவிக்கும் மலிவு வயர் மைனஸ் 30இல் குச்சி மாதிரி விறைத்து, மடித்தால் வெடிக்கும்.

இரவு முழுக்கப் போடத் தேவையில்லை. கனடாவின் இயற்கை வள அமைச்சு ரைமர் வைத்து, புறப்பட இரண்டு மணித்தியாலம் முதல் போட்டால் போதும் என்கிறது. மைனஸ் 20இல் எரிபொருள் பாவனையும் 10 சதவீதம் வரை குறையலாம் என்றும் சொல்கிறது. நான் பட்ட பாட்டில் ஒரு மணித்தியாலம் கூட்டி மூன்றாக வைத்திருக்கிறேன். 400 வாட்ஸ், மூன்று மணித்தியாலம் என்றால் 1.2 அலகு. மனிற்றோபாவில் ஒரு அலகு 10 சதமளவில், ஆகவே ஒரு காலைக்கு 12 சதம். இரவு பத்து மணித்தியாலம் போட்டால் 40 சதம். நூறு நாளைக்கு 12 டொலரா, 40 டொலரா என்பதுதான் வித்தியாசம். ஒரு எச்சரிக்கை: சில தரிப்பிடங்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கம்பங்களுக்கு விட்டுவிட்டுத்தான் மின்சாரம் வரும். அங்கே ரைமர் வைத்தால் கணக்குப் பிழைக்கும்.

எக்செலில் இல்லாத நிரல்

ஊரில் வணிகம் படித்த அக்கா ஒருத்தி அமையச் செலவு என்று ஒரு சொல் அடிக்கடி சொல்லுவா. ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகிறோமே, அதன் பெறுமதி. பரீட்சையில் அதற்கு வரைவிலக்கணம் எழுதி முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் ஹீற்றர் பட்டியல் போட்டபோது விலை, கூலி, வாட்ஸ் என்று நிரல் போட்டேனே தவிர, "ஸ்ராட் வராவிட்டால் யார் நடப்பது?" என்று ஒரு நிரல் போடவில்லை. போட்டிருந்தால் அதில் என் பெயர் வந்திராது. எனக்கு வகுப்பு பத்து மணிக்குத்தான்.

பூட்டி முடிந்த அடுத்த கிழமை மைனஸ் 33 வந்தது. 5.50க்குக் கீழே போனோம். எஞ்சின் மூடியின் மேலே மட்டும் உறைபனி கொஞ்சம் உருகியிருந்தது. திறப்பைத் திருக, கோடைகாலம் போல ஒரே தரத்தில் பிடித்தது. ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இளஞ்சூடான காற்றும் வந்தது. அம்மா கையுறையைக் கழற்றி விரல்களை அந்தக் காற்றில் பிடித்துக்கொண்டு, "இதை முதலே செய்திருக்கலாம்" என்றா. அவ்வளவுதான். எனக்குக் கிடைக்கவேண்டிய பேச்சு ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது, நிம்மதி.

இப்போது ஒவ்வொரு ஒக்ரோபரும் நான் ஓம் மீற்றரோடு கீழே இறங்குகிறேன். இந்த வருடம் புதிதாகக் குளிர் நாட்டுக்கு வந்திருக்கும் மாணவர்கள் பழைய கார் வாங்கினால், ரயர், மைலேஜ் பார்க்க முதல் கிறிலுக்குள் குனிந்து வயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் எத்தனை மைனஸ், என்ன ஹீற்றர் பாவிக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதினால் எனக்கும் உதவும்.

பி.கு.: பிளக்கைக் கழற்றாமல் காரை எடுத்துக்கொண்டு போய், நீட்டிப்பு வயரை வீதி நீளத்துக்கு இழுத்துச் சென்றது நான் இல்லை. அம்மாதான். இரண்டு தரம் :-)